கங்கைகொண்டான் பக்கத்துச் சாம்பல் கல் பட்டறை: பதினெட்டாயிரம் கல் வாங்கிய கதை

திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையத்துக்குச் சுற்றுச்சுவரும் ஊழியர் ஓய்வறையும் கட்டும் வேலை எனக்கு வந்தது. நேராக வரவில்லை. ரயில்வேயிடம் எடுத்தவர் ஒருவர், அவரிடம் எடுத்தவர் ஒருவர், மூன்றாவது ஆள் நான். மீட்டர் கேஜ் காலத்தில் என் அப்பா அதே பாதையில் கேங்மேன், அதாவது தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி. அதனால் லாபம் குறைவு என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன்.

வேலையோடு பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்றும் கைக்கு வந்தது. தலைப்பு, 'பொறுப்பான கொள்முதல்'. கல் எங்கே செய்தது, மணல் எங்கிருந்து வந்தது, சிறுவர்கள் வேலை செய்கிறார்களா, கூலி வங்கி வழியாகப் போகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'ஆம்', 'இல்லை' பார்த்து டிக் அடித்துக் கொடுங்கள், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்று கொடுத்தவரே சொன்னார். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். சாம்பல் கல்லுக்கு, அதாவது அனல் மின்நிலையச் சாம்பலில் செய்யும் சுடாத செங்கல்லுக்கு, முதலில் விலை கேட்கப் போன பட்டறைதான் அதைக் கெடுத்தது. கூலியெல்லாம் வங்கியில்தான் போகிறது என்று அங்கே ரசீதுகளை எடுத்துக் காட்டினார்கள். பிறகு பேனா எடுக்க மேலாளர் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு ஏ.டி.எம். அட்டைகள். அங்கே வேலை செய்யும் ஒடிசாப் பையன்களுடையவை. அவர் மறைக்கக்கூட இல்லை. சாதாரணமாகப் பேனாவை எடுத்துக்கொண்டு டிராயரை மூடினார். படிவத்தின் கேள்விக்கு அங்கேயும் பதில் 'ஆம்'தான்.

சூளைச் செங்கல் பக்கம் போகவும் வழியில்லை. அனல் மின்நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கட்டுமானம் நடந்தால், விலை மாற்றுப் பொருளை மிஞ்சாதபட்சத்தில் சாம்பலில் செய்த பொருளைத்தான் வாங்க வேண்டும் என்பது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 அறிவிக்கை. 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல் மின்நிலையம் நமக்குக் கூப்பிடு தூரம். அதுபோக ஐப்பசி மழை பிடித்தால் சூளைகள் படுத்துவிடும். குளத்து மண்ணையும், முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு சூளையில் கிடக்கிறவர்களையும் நினைத்தால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இப்படி அலைந்துதான் கங்கைகொண்டான் பக்கம் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். பெயர் போட வேண்டாம் என்று உரிமையாளர் அண்ணாச்சி கேட்டுக்கொண்டார்.

உள்ளே போனதும் கல்லைப் பார்க்கவில்லை, கழிப்பறையைத்தான் பார்த்தேன். பெண்களுக்குத் தனியாக ஒன்று. கதவுக்கு உள்தாழ்ப்பாள், வாளியில் தண்ணீர். கல் அடுக்குகிற பெண்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவரிடம் சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே வருமா என்று கேட்டேன். "மழை பெய்தாலும் வரும் அண்ணாச்சி" என்றார். இயந்திரத்தில் நின்ற வடக்கத்திப் பையன் தன் கைப்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டினான். அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது.

குறை சொல்ல வேண்டியதும் உண்டு. முகக்கவசங்கள் ஆணியில் தொங்கின, ஒருவர் முகத்திலும் இல்லை. சாம்பல் கொட்டும் இடத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆனால் ஆடிக் காற்று அடித்தால் அந்தத் தண்ணீர் எம்மாத்திரம்?

மணல் விஷயத்தில் அண்ணாச்சி கறார். கல்லில் சேர்ப்பது எம்-சாண்ட், பாறையை உடைத்துச் செய்யும் மணல். ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு (லோடு எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதற்கான அனுமதிச் சீட்டு), தேதி வாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். இது ஏன் பெரிது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில் 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை போட்டது. ஆற்றை விட்டு எல்லோரும் பாறைக்குத் திரும்பினோம். 2022 மே 14 இரவு திருநெல்வேலி பக்கத்து அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு, ஜல்லியோ மணலோ எந்தக் குவாரியிலிருந்து வருகிறது என்று கேட்காமல் நான் லாரியை உள்ளே விடுவதில்லை. தண்டவாளத்துக்குக் கீழே கொட்டும் ஜல்லியின் உறுதியை ரயில்வே அரைத்தும் இடித்தும் சோதிக்கிறது. அதை உடைத்தவன் எந்தப் பள்ளத்தில் நின்று உடைத்தான் என்பதை எந்தச் சோதனையும் காட்டாது.

இனி கல். அளவு 230க்கு 110க்கு 75 மில்லிமீட்டர். ஆய்வக அறிக்கை கொடுத்தார்கள், நானும் என் வழக்கப்படி மூன்று கல்லை டிரம்மில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். உலர்ந்த கல் 3.2 கிலோ, ஊறிய கல் 3.62. நீர் உறிஞ்சல் பதின்மூன்று சதவீதம். இருபது வரை போகலாம் என்பது விதி, ஆகவே நல்ல கல். இடுப்பு உயரத்திலிருந்து போட்டதில் மூன்றில் ஒன்று மூலை உடைந்தது, நடுவில் பிளக்கவில்லை.

என் கொத்தனாருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "தீயில் வேகாத கல்லுக்கு என்ன ரோஷம் இருக்கும்?" என்றார். முப்பது வருடம் சூளைக் கல்லைத் தட்டி ஓசை கேட்டே தரம் சொன்ன மனிதர். இந்தக் கல் தட்டினால் மந்தமாகப் பேசுகிறது. செங்கல்லைப்போல் தொட்டியில் முக்கி எடுத்துக் கட்டினார், கல் கலவையில் வழுக்கிச் சுவர் கோணியது. மறுநாள் வெறுமனே தண்ணீர் தெளித்துக் கட்டச் சொன்னேன், நூல் பிடித்தாற்போல் நின்றது. எல்லாக் கல்லும் ஒரே அளவு என்பதால் பூச்சுக் கலவை கணிசமாக மிச்சம். அதைப் பார்த்தபிறகு கொத்தனார் ரோஷத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்பது லோடில் ஆறாவது லோடு மோசம். அடுக்கில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன்: ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதினான்கு நாளாவது தண்ணீர் விட்டு ஆற்றித் தருவதாகப் பேச்சு. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. போன் செய்ததும் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் லாரி வாடகையில் பாதியை என் தலையில் கட்டினார்கள். அது நியாயமில்லை என்று இன்றும் சொல்வேன். கல்லுக்கு மற்ற பட்டறைகளைவிட எழுபது பைசா கூடுதல். பதினெட்டாயிரம் கல்லுக்கு 12,600 ரூபாய். டிராயரில் அட்டைக் கட்டு இல்லாத பட்டறைக்கு அது தகும் என்று கொடுத்தேன். மேலே இருந்தவர் அந்தக் கூடுதலை ஏற்கவில்லை. படிவம் அவருடையது, எழுபது பைசா என்னுடையது.

சிறு தொழில் நடத்துகிறவருக்கு ஒப்பந்தம் எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு மேலிருந்து பில் பணம் வரவில்லை, நான் அண்ணாச்சிக்குக் கொடுத்தது எழுபத்து மூன்றாம் நாள். அதுவரை அவர் இரண்டு முறைதான் போன் செய்தார், இரண்டு முறையும் சுவர் எப்படி நிற்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமைகளில் கூலி எப்படிப் போயிற்று என்பதை ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தேன்: மகளுக்கு எடுத்து வைத்திருந்த வளையல் வங்கிக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு பக்கத்திலும் வாங்குகிறவன் எப்போது பணம் தருவான் என்று ஒரு கேள்விகூட இல்லை.

போகிறவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லி வையுங்கள், வார இறுதியில் லாரி கிடைக்காது. அடுக்கில் எழுதியுள்ள தேதியை நீங்களே பாருங்கள். இறக்கும்போது உடைகிற கல்லுக்குக் கணக்குக் கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை.

அடுத்த வேலைக்கு நாலாயிரம் கல் கேட்டுப் போன வாரம் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார், சுவரைப் பற்றி விசாரித்தார், பிறகு பாதிப் பணத்தை முன்னால் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.