புதியது என்று சொல்லி விற்கப்பட்ட தொலைநோக்கி: 68,500 ரூபாய் போன கதை

நேற்று மாலை, தொலைநோக்கி விற்ற கடையிலிருந்து என் கைப்பேசிக்கு, "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒற்றை வரிச் செய்தி வந்தது. எதை முடித்தார்கள், எப்படி முடித்தார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒற்றை வரிக்குள் என்னுடைய 68,500 ரூபாய் புதைந்து கிடக்கிறது. கோபம் ஆறிப்போனால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். கணினி வழியே இயங்கும் லென்ஸ் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் வைத்து வானத்தைப் பார்க்கவும் படமெடுக்கவும் ஆசைப்படுபவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பத்தொன்பது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்துகிறேன். வெள்ளை ஒளி நிறங்களாகப் பிரியும் நிறப்பிரிகையை முப்பட்டகத்தை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அதே நிறப்பிரிகையில் நான் ஏமாந்து நிற்கிறேன் என்பதை எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பணம், இரண்டு ஆண்டுகளாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம். லென்ஸுக்குப் பதிலாகக் குழியாடியால் ஒளியைக் குவிக்கும் ஆடித் தொலைநோக்கி அதே விலைக்குப் பெரிதாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தனியாக மாடிக்குத் தூக்கிச் சென்று பத்து நிமிடத்தில் பார்க்கத் தொடங்கும்படி இருக்க வேண்டும் என்பதால் லென்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடை வேறு மாநிலத்தில் இருக்கிறது. வானியல் கருவிகளை இறக்குமதி செய்து சொந்த இணையதளத்தில் விற்கும் கடை என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. தளத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தபோது, எடுத்தவர் தமிழில் பேசினார். ஊரைச் சொன்னதும், "அட, நானும் தாராபுரம் பக்கந்தானுங்க மேடம்" என்றார். நாற்பது நிமிடம் பேசினோம். மாடி எந்தத் திசை பார்த்திருக்கிறது, தெருவிளக்கு எவ்வளவு தூரம், பையனுக்கு எவ்வளவு எடை தூக்க வரும், என்ன கேமரா இருக்கிறது என்றெல்லாம் அவர்தான் கேட்டார். நான் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க் கருவி ஒன்றைக் காட்டியபோது, "அது உங்களுக்கு வேண்டாங்க மேடம், காசு எதுக்கு வீணா?" என்று தடுத்து, 102 மி.மீ. விட்டமுள்ள லென்ஸும், 660 மி.மீ. குவியத் தூரமும் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) கொண்ட இன்னொன்றைப் பரிந்துரைத்தார். இ.டி. கண்ணாடி, அதாவது நிறப்பிரிகை குறைந்த உயர்ரகக் கண்ணாடி என்றார். தானே விண்மீனைத் தேடிப் பிடித்துப் பின்தொடரும் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு என்றார். ஐந்து நிமிட எக்ஸ்போஷர், அதாவது கேமரா ஐந்து நிமிடம் தொடர்ந்து ஒளியை வாங்கும் படம், தாராளமாக எடுக்கலாம் என்றார்.

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். விலை கூடியதை விற்க முயன்றிருந்தால் உஷாராகியிருப்பேன். விலை கூடியதை வேண்டாம் என்று சொன்னவரை எப்படிச் சந்தேகப்படுவது? அன்றிரவு என் கணவரிடம், "நம்ம ஊர்க்காரர், நேர்மையான மனுஷன்" என்று நற்சான்றிதழே வழங்கினேன். மறுநாள் அவரே அழைத்து, தளத்தில் 72,500 ரூபாய் போட்டிருப்பதாகவும், அட்டை வழியே கட்டாமல் நேரடியாக யு.பி.ஐ.யில் அனுப்பினால் நாலாயிரம் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். பள்ளி இடைவேளையில், ஆசிரியர் அறையில் நின்றபடியே 68,500 ரூபாயை அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் கடையின் பெயராக இல்லை. "அது எங்க பார்ட்னருங்க மேடம்." நானும் சரி என்றேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு தாளின் படம் வந்தது, ஜி.எஸ்.டி. எண் போட்ட அசல் பில் பெட்டிக்குள் இருக்கும் என்றார்கள். பெட்டிக்குள் எதுவும் இல்லை.

பெட்டி பதினெட்டு நாள் கழித்து வந்தது. பழுப்பு நாடாவுக்கு அடியில் இன்னொரு பழைய நாடா இருந்ததைக் கவனித்தேன். சுங்கச் சோதனையில் பிரித்திருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். மாடியில் நிறுத்தி, கருவியைக் கையில் வைத்து இயக்கும் ஹேண்ட் கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுத்தோம். இந்த வகைக் கருவிக்கு இடம், தேதி, நேரம் மூன்றையும் சொல்லி, பிரகாசமான இரண்டு மூன்று விண்மீன்களைக் காட்டினால்தான் அது வானத்தைப் புரிந்துகொள்ளும். இடத்தை மாற்றுவதற்காக உள்ளே போன மகன், "அம்மா, இதுல ஏற்கெனவே ஏதோ ஊர் போட்டிருக்குது" என்றான். வட அட்சம் 28 பாகை 37 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 12 நிமிடம். தேசப்படம் தேவையில்லை, அது டில்லி. தீர்க்கம் ஏறக்குறைய எங்களுடையதே, அட்சம்தான் வேறு. இத்தகைய கன்ட்ரோலர் கடைசியாகப் பதிந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். பெட்டி பிரிக்காத புதுக் கருவி டில்லியில் எந்த மாடியிலிருந்து வானம் பார்த்தது?

அப்போதும் நான் நம்பிக்கையை முழுதாக விடவில்லை. கடையில் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திருவாதிரையையும் சிரியஸையும் காட்டி நேர்ப்படுத்திவிட்டு சிரியஸைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளியைச் சுற்றி அடர்ந்த ஊதா வட்டம். கிரௌன், ஃபிளின்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளாலான சாதாரண இரட்டை லென்ஸ், அதாவது அக்ரோமேட், சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும். ஊதா மட்டும் சற்றுத் தள்ளிக் குவிந்து, பிரகாசமான விண்மீனைச் சுற்றி ஒளிவட்டமாகத் தெரியும். குவியத் தூரம் குறையக் குறைய இது கூடும். நல்ல இ.டி. கண்ணாடியில் இந்த அளவு ஊதாவுக்கு இடமே இல்லை. பிறைச் சந்திரனின் விளிம்பிலும் அதே ஊதாக் கரை. மறுநாள் பகல் வெயிலில் குழாயின் பக்கவாட்டில் இருந்த "102 இ.டி." ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் மெல்ல நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதே அளவு, அதே எழுத்துரு. அதில் "102 அக்ரோமேட்டிக்" என்று இருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்துக்கு ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, இரவில் அறையை இருட்டாக்கி, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்குப் பின்னால் சிறிது தள்ளி டார்ச்சைப் பிடித்தேன். ஒளி வந்த வழியே திரும்பிப் போய் முன் லென்ஸிலிருந்து இணைக்கற்றையாக வெளியே வரும். சுவரில் விழும் வட்டத்தின் விட்டம்தான் கருவி உண்மையில் பயன்படுத்தும் லென்ஸின் விட்டம். மகன் தன் ஜியோமெட்ரி பாக்ஸ் அளவுகோலைச் சுவரில் வைத்து அளந்தான். 82 மி.மீ. மீண்டும் அளந்தான். 82 மி.மீ. முன்பக்கமாக எட்டிப் பார்த்தால், குழாய்க்குள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வளையம் ஓரத்து ஒளியை மறித்துக்கொண்டு நிற்கிறது. மலிவான லென்ஸின் ஓரக் கோளாறுகளை மறைப்பதற்கு இப்படி வளையம் வைப்பதுண்டு. பரப்பைக் கணக்கிட்டால் எனக்குச் சொன்ன ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே வரவில்லை. 102 மி.மீ. என்று சொல்லி வாங்கிய 68,500 ரூபாய்க்கு 82 மி.மீ.

ஐந்து நிமிட எக்ஸ்போஷர் என்ற வாக்குறுதி இன்னும் பெரிய பொய். கருவியுடன் வந்த மவுண்ட், மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பும் வகை. அது விண்மீனைச் சட்டகத்தின் நடுவில் பிடித்து வைத்தாலும், வானம் சாய்வாகச் சுழல்வதால் சட்டகத்துக்குள் படம் சுழன்றுகொண்டே இருக்கும். உச்சிக்கு அருகில் இது மிகவும் கூடும். நம் ஊர் அட்சத்தில், ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயுமேகமான ஓரியன் நெபுலா 73 பாகை உயரத்தில் உச்சம் கடப்பதால், அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.85 பாகை சுழல்கிறது. ஐந்து நிமிடத்தில் நான்கு பாகைக்கு மேல். நடுவிலிருந்து 11 மி.மீ. தள்ளி, கேமரா சென்சாரின் ஓரத்தில் விழும் விண்மீன் 0.8 மி.மீ. நீளத்துக்கு வில்லாக இழுபடும். நான் எடுத்த முதல் படம் நிலைக்கண்ணாடியில் சாந்து துடைத்தது போல இருந்தது. நீண்ட எக்ஸ்போஷருக்குத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும். இது வானியல் கருவி விற்கும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. தாராபுரத்துக்காரர் முதல் நாள், "வானம் தெளிவில்லாம இருந்திருக்குமுங்க மேடம்" என்றார். இரண்டாம் நாள், என் கேமராவில் கோளாறு. மூன்றாம் நாள், நேர்ப்படுத்தத் தெரியவில்லை. டார்ச் சோதனையின் படத்தை அனுப்பியதும் ஒரு வீடியோ கேட்டார்; அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு வீடியோ கேட்டார். இருட்டில் செய்யும் சோதனைக்கு வெளிச்சம் கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். அதற்குள் ஏழு நாள் கடந்துவிட்டது, ஏழு நாளுக்குள்தான் மாற்றித் தருவோம் என்று வேறொரு குரல் சொன்னது. இந்தக் குரல் தமிழ் பேசவில்லை. டில்லி அட்சரேகையைச் சொன்னதற்கு, "தொழிற்சாலை அமைப்பு" என்றார்கள். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில்தான் உச்சம்: ஸ்டிக்கரை உரித்ததால் உத்தரவாதம் ரத்தாகிவிட்டதாம். அவர்கள் ஒட்டிய பொய்யை நான் உரித்தது குற்றம். கடைசியாக, என் செலவில் திருப்பி அனுப்பினால் 25 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைக் கடைக்கணக்கில் வரவு வைப்பதாகச் சொன்னார்கள். மறுத்தேன். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழும், பதில் வராது. நேற்று "முடித்துவைக்கப்பட்டது".

நான் இப்போது செய்திருப்பது இது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே ஈரோட்டில் போடப்போகிறேன். அசல் பில் இல்லாததும், பணம் வேறொருவர் பெயருக்குப் போனதும் வழக்கில் என் கையைக் கட்டும் என்று தெரிந்த வழக்கறிஞர் சொன்னார். நாலாயிரம் ரூபாய் தள்ளுபடியின் விலை அது.

தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அசல் பில் இல்லாமல், கடையின் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள், கன்ட்ரோலரில் ஏற்கெனவே இருக்கும் ஊரையும் சேர்த்து. முதல் இரவிலேயே டார்ச் சோதனை செய்யுங்கள். 102 மி.மீ. லென்ஸுக்கு 200 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் பயன்படாது, 500 மடங்கு என்று விளம்பரம் செய்பவரிடம் பேச்சே வேண்டாம். படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் லென்ஸில் மிச்சம் பிடித்து மவுண்டுக்குச் செலவழியுங்கள். அந்த ஈக்வடோரியல் மவுண்ட் எத்தனை பாகை அட்சத்திலிருந்து வேலை செய்யும் என்றும் கேளுங்கள். துருவ விண்மீன் நமக்கு, நம் அட்சத்தின் அளவான பதினொரு பாகை உயரத்தில்தான் நிற்கிறது, சில மவுண்டுகளோ பதினைந்து பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை; இறங்கும் சிலவற்றிலும் தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும்.

இன்னொரு வேண்டுகோள் உண்டு. டில்லியில் வசிக்கும் யாரேனும், 102 மி.மீ. கணினித் தொலைநோக்கி ஒன்றை இணையக் கடைக்குத் திருப்பி அனுப்பியிருந்தால், அதன் ஃபோகஸர் திருகின் இடப்பக்கம், என் கருவியில் இருப்பது போல, சிறு பிறைவடிவக் கீறல் இருந்த நினைவிருந்தால், எனக்கு எழுதுங்கள். என்ன குறை சொல்லித் திருப்பினீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும், வழக்கில் சேர்க்கலாம்.