பொதுக் கணினியில் திரைப்பூட்டு: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் வேலை அறையில் நான்கு கணினிகள், பன்னிரண்டு பேர். இரண்டில் விண்டோஸ், இரண்டில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்). ஆறு வருடமாக இவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முதலில் எல்லாருக்கும் ஒரே கணக்குதான், பாஸ்வேர்டும் கிடையாது. ஒருவர் திறந்துவைத்த மின்னஞ்சல் அடுத்தவர் கண்ணில் படும். அது சரியில்லை என்று ஆளுக்கொரு கணக்கு போட்டு, ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. ஒருவர் எழுந்து போவார், திரை பூட்டிக்கொள்ளும், அவர் மணிக்கணக்கில் வரமாட்டார். அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். அப்படி ஒரு நாள் நண்பர் ஒருவர் சேமிக்காமல் வைத்திருந்த இரண்டு மணி நேர வேலை போய்விட்டது. அவர் எதுவும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

காரணம் நான் எடுத்த முடிவு. 4 ஜிபி ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) தாங்காது என்று பயனர் மாற்றும் வசதியை நானே அணைத்துவைத்திருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதலே இருக்கும் வசதி இது. மறுபடி இயக்கியதும், விண்டோஸில் பூட்டிய திரையின் இடது கீழ் மூலையில் மற்றவர்களின் பெயர்கள் வந்தன. தன் பெயரைத் தொட்டு உள்ளே போகலாம். முந்தையவரின் வேலை பின்னால் அப்படியே இருக்கும்.

ஆனால் மூன்று பேர் இப்படி உள்ளே இருந்தால் கணினி ஊர்ந்தது. ரேமை 8 ஜிபி ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. பூட்டிப் போனவர் பொதுக் கோப்பு ஒன்றைத் திறந்தே வைத்திருந்தால், அடுத்தவருக்கு அது படிக்க மட்டுமே திறக்கும்.

விண்டோஸில் ஓடும் வேலைகளைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் பயனர்கள் பகுதிக்குப் போனால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். அட்மின், அதாவது கணினியை நிர்வகிப்பவர், அங்கிருந்தே ஒருவரை வெளியேற்றலாம். சேமிக்காதது போய்விடும், அதனால் முதலில் அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்பேன். உபுண்டுவில் ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்தோடு ஒரே ஒரு கட்டளை கொடுத்து, அடுத்தவரின் பூட்டை அவர் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கவும் முடியும். அதை நான் செய்வதே இல்லை. பூட்டுக்குப் பின்னால் ஒருவரின் கடிதம் பாதியில் நிற்கலாம். அதைப் பார்க்கும் உரிமை அட்மினுக்குக் கிடையாது.

திரை பூட்டும் நேரத்தை இப்போது பத்து நிமிடமாக வைத்திருக்கிறேன். காகிதத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து போதவில்லை. விண்டோஸ் பாலிசியில் (நிர்வாகி விதிகளை வைக்கும் அமைப்பில்) அதை நொடியில், 600 என்று தர வேண்டும். உபுண்டுவில் திரை அணையும் நேரம் வேறு, அதன்பின் பூட்ட எடுக்கும் நேரம் வேறு. இரண்டையும் பார்த்து வையுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, திரை இருண்டதும் பூட்டியாயிற்று என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மானிட்டரிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "அரை மணிக்கு மேல் போவதானால் சேமித்து லாக் அவுட் செய்யவும்." அதன் பிறகு யாரும் பவர் பட்டனைத் தொடவில்லை. இரவெல்லாம் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மட்டும் விலக்கு. அவர் கணினியில் மற்றவர்கள் பயனர் மாற்றி நுழைந்து, அந்த வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.