குளச்சல் உப்புக்காற்றில் ஒரு கிராஸ்ஓவர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர்கள் பலர் வூஃபரையும் (தாழ்ந்த ஒலிக்கானது) ட்வீட்டரையும் (உயர்ந்த ஒலிக்கானது) பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவருக்கு மட்டும் கையில் கிடைத்த ரெடிமேட் போர்டை மாட்டிவிடுகிறார்கள். குளச்சலில் கடலுக்குப் பக்கத்து வீட்டில் ரெடிமேட் போர்டு, நானே செய்தது என இரண்டு விதத்தையும் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பெட்டியின் குரலை முடிவு செய்வது கிராஸ்ஓவர்தான்.

என்னுடையது 6.5 அங்குல வூஃபரும் 1 அங்குல சில்க் டோம் ட்வீட்டரும் உள்ள இருவழிப் பெட்டி. பழைய போர்டில் வில்லுப்பாட்டு போட்டால் குடம் நன்றாக அதிரும், வில்மணியும் தெளிவாகக் கேட்கும்; பாடுகிறவர் குரல் மட்டும் பின்னால் போய்விடும். அந்த போர்டின் கணக்கு வூஃபரை எப்போதும் 8 ஓமாகவே எடுத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அதிர்வெண் ஏற ஏற வூஃபருக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் இம்பிடன்ஸும் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஏறும். வெட்ட வேண்டிய இடத்தில் வூஃபர் வெட்டுப்படாமல் ட்வீட்டரோடு மோதும். இரண்டின் ஒலி அலைகளும் ஃபேஸ் பிசகி, ஒன்றுக்கொன்று எதிராகச் சேரும் இடத்தில் ஒலி பள்ளம் விழும். குரலின் தெளிவு இருப்பதும் அங்கேதான்.

புதிதாகச் செய்தபோது 2500 ஹெர்ட்ஸில் பிரித்தேன். ட்வீட்டரின் ரெசொனன்ஸ் (அது இயல்பாகவே அதிரும் அதிர்வெண்) 1000 ஹெர்ட்ஸ் பக்கம். பிரிக்கும் இடத்தை அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே இறக்குவது ஆபத்து. அதிகம் மேலே ஏற்றினால் வூஃபரின் ஒலி நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் சரியாகப் போய்ச் சேரும். இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி வகை: ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் சரிவு. 8 ஓமுக்கு 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 1 மில்லிஹென்றி காயிலும் கணக்கில் வரும். ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். வூஃபருக்கு இணையாக 7.5 ஓம், 10 மைக்ரோஃபாரட் தொடரை ஸோபெலாக (இம்பிடன்ஸைச் சமன் செய்யும் சுற்று) போட்டதும் இம்பிடன்ஸ் ஏற்றம் அடங்கியது. இந்த மதிப்புகள் என் வூஃபருக்கானவை, உங்கள் டிரைவரை (வூஃபர், ட்வீட்டர்) அளந்துதான் போட வேண்டும். ட்வீட்டர் 3 டெசிபல் தூக்கலாக இருந்ததால் 2.2 ஓம் தொடராகவும் 22 ஓம் இணையாகவும் கொடுத்தேன். அப்புறம்தான் பாட்டுக்காரர் குடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்!

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம், அதோடு உப்புக்காற்று. பழைய போர்டின் ஸ்பிரிங் டெர்மினல்களில் பச்சைக் களிம்பு பிடித்து ஒரு பக்கம் கரகரக்கும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரும் வருடம் போகப் போக உலர்ந்து மதிப்பு மாறும், ட்வீட்டர் மங்கும். அதனால் ட்வீட்டர் வழியில் பாலிப்ரொப்பிலின் கெப்பாசிட்டர், எல்லா இணைப்பும் சால்டர், மேலே ஒரு பூச்சு வார்னிஷ். இன்றுவரை களிம்பும் இல்லை, கரகரப்பும் இல்லை.

விலை ரெடிமேட் போர்டைவிடப் பல மடங்கு. ஏர்கோர் காயிலின் செம்புக்கே பாதிப் பணம் போய்விடும். வூஃபருக்குத் தடித்த கம்பிக் காயிலாகவே வாங்குங்கள். மெல்லிய கம்பியின் ரெசிஸ்டன்ஸ் பாஸின் பிடிப்பைக் குறைக்கும். காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே ஒலியைப் பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவர் இன்னும் துல்லியம்தான், ஆனால் டிரைவருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வீட்டு ஹாலுக்கு எனக்கு இதுவே போதும்.