கரண்ட் கேட்காத கட்ஸ் மெசின்: கிளிநொச்சியில் சில வருசப் பாவனை

கிளிநொச்சியில் பட்மின்டன் ரக்கெற்றின் கட்ஸ், அதாவது வலை நரம்பு, அறுந்தால் செலவு கட்ஸுக்கு இல்லை, யாழ்ப்பாணம் போய்வருகிற அலைச்சலுக்குத்தான். ஏ9 வழியே அறுபது கிலோமீற்றருக்கு மேல். ஆராவது ரவுணுக்குப் போனால் கொடுத்துவிடுவோம். கடையில் "நாளைக்கு வாங்கோ" என்பார்கள், அந்த நாளைக்கு அடுத்த கிழமைதான் வரும். 2022 இல் டீசல் இல்லாமல் பஸ்ஸும் குறைந்து, 13 மணித்தியாலம் வரை கரண்டும் நின்ற நாட்களில், எங்கள் பெடியளின் நல்ல ரக்கெற்றுகள் எல்லாம் ஆணியில் தொங்கின. அதுக்குப் பிறகுதான் லண்டனில் இருந்து சித்தப்பா அனுப்பின கப்பல் பெட்டிக்குள் கட்ஸ் போடுகிற இந்த மெசினும் வந்து சேர்ந்தது.

மேசையில் வைக்கிற, எடை விழுந்து இழுக்கிற வகை. கட்ஸின் நுனியைப் பிடிக்க ஒரு பிடி, அதோடு நீண்ட ஒரு இரும்புத் தண்டு, தண்டில் நகர்த்தக்கூடிய ஒரு குண்டு. குண்டை எந்த இலக்கத்தில் வைக்கிறமோ அத்தனை இறாத்தல் இழுவை. தண்டை விட்டால் மெல்லக் கீழே வந்து கிடையாக நிற்கும், அவ்வளவுதான். மோட்டர் இல்லை, சேர்க்கிட் இல்லை, பழுதாகிறதுக்கு ஒண்டும் இல்லை. கையால் சுத்துகிற மெசின்கள் சொன்ன அளவுக்கு வந்ததும் பூட்டிவிடும், பூட்டின பிறகு நைலோன் இளகும். இதில் நைலோன் நீள நீளக் குண்டும் கூடவே இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த விலைக்கு அது பெரிய விசயம்.

தண்டு மயிரிழை பிசகாமல் கிடையாக நிற்கவேண்டும் என்று சிலர் மினக்கெடுவார்கள். 10 பாகை சரிந்து நின்றாலும் குறைவது ஒன்றரை வீதம்தான், 24 இறாத்தலில் அரை இறாத்தல்கூட வராது. 20 பாகை என்றால் ஆறு வீதம், அது கையில் தெரியும். நான் பின்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தண்டு அந்தக் கோட்டுக்குக் கிட்ட வந்தால் சரி, இழுத்த கட்ஸ் தளராமல் பிடிக்கிற கிளாம்பைப் பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். தண்டில் அச்சடித்த இலக்கங்களை அப்படியே நம்பவேண்டாம். வெளிநாட்டுச் சனம் சூட்கேஸ் நிறுக்கக் கொண்டுவருகிற கைத்தராசைப் பிடியில் கொழுவிப் பாருங்கள்: 24 இறாத்தல் என்றால் 10.9 கிலோ காட்டவேண்டும்.

வேலையைச் சுலபமாக்கினது மெசின் பாதி, நான் குறைத்துக்கொண்ட தெரிவுகள் மீதி. கட்ஸ் ஒரே வகைதான், யொனெக்ஸ் பிஜி 65. 0.70 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய கட்ஸில் சத்தம் நல்லாய்க் கேட்கும், ஆனால் கிரவல் தூசியிலும் பிளாஸ்டிக் கொக்கிலும் (இறகுப்பந்து) விளையாடுகிற எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. 200 மீற்றர் ரீல் ஒன்று, ரக்கெற்றுக்கு 10 மீற்றர், ஆக 20 ரக்கெற். அந்தப் பத்தையும் ரெண்டு துண்டாக வெட்டுகிறேன், நெடுக்குக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று. முடிச்சு ரெண்டுக்குப் பதில் நாலு வரும், அதனால் என்ன? நீளமான வாலை இழுத்துக்கொண்டு திரியவேண்டியதில்லை, நெடுக்கு எங்கே முடிந்தாலும் குறுக்கை மேலிருந்தே தொடங்கலாம். குறுக்குக்கு ஒரு இறாத்தல் கூட்டி வைப்பேன். நெடுக்கு இழுத்த இழுவையில் சட்டம் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், குறுக்குத்தான் அதைத் திரும்பப் பிடிக்கும். அதனால்தான் நெடுக்கை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. கரண்ட் மெசின் வைத்திருக்கிறவர்களுக்கு மின்வெட்டில் வருகிற தலையிடி அதுதான். எனக்கு ஒரு சார்ஜ் லைற் போதும்.

நேரம் தின்கிறது குறுக்குக் கோர்ப்பதுதான். பன்பாய் இழைக்கிற மாதிரி, ஒன்றுக்கு மேலால், ஒன்றுக்குக் கீழால். ஒரு வரியை இழுக்கமுதல் அடுத்த வரியையும் கோர்த்துவிட்டால், பக்கத்தில் தளர்ந்து கிடக்கிற வரியைப் பார்த்தே மேல் கீழ் பிடிபடும். இழுக்கும்போது அவசரப்பட்டுச் சரக்கென்று இழுத்தால் நைலோன் உரசிச் சூடாகி, வெள்ளையாய் ஒரு தழும்பு விழும். அந்த இடத்தில்தான் பிறகு அறும். விரலால் வரியை மேலும் கீழும் வளைத்து வளைத்து இழுக்கவேண்டும். எங்கட அம்மம்மா ஒரு காலத்தில் பாய் இழைத்தவ. இப்ப பின்னேரங்களில் நான் குண்டை விட, அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோர்க்கிறா. ஒரு ரக்கெற் முக்கால் மணித்தியாலத்தில் முடியும்.

பெடியளோடு ஓயாத சண்டை இழுவையைப் பற்றித்தான்.

"அண்ணை, எனக்கு 28 போட்டுத் தாங்கோ."

"ஏன்ரா?"

"யூரியூப்பில அவங்கள் அதுதான் போடுறாங்கள்."

அவங்கள் அடிக்கிற அடி வேறை. இழுவை கூடக்கூட கொக்கு பாய்கிற வேகம் குறையும், நடுவில் அடிபடவேண்டிய இடமும் சுருங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 22, நல்லாய் அடிக்கிறவர்களுக்கு 24. இதுக்கு மேல் கேட்டால் சட்டத்தில் அச்சடித்திருக்கிற உச்ச அளவைக் காட்டுவேன். மலிவு இரும்புச் சட்ட ரக்கெற்றுக்கு 20ஐத் தாண்டவே மாட்டேன். அதோடு, எவ்வளவு இறுக்கிக் கொடுத்தாலும் முதல் நாளிலேயே கொஞ்சம் இளகும். தகரக் கூரைக்குக் கீழே, வெயிலில் நிற்கிற மோட்டச்சைக்கிளில் கொழுவி வைத்தால் இன்னும் கெதியாய். அதை என்னிடம் வந்து முறையிடுவதில் அர்த்தமில்லை.

குறைகள் இருக்கு. பெரிய குறை கிளாம்ப். மெசினோடு பொருத்தினது இல்லை, கட்ஸிலேயே கவ்வி நிற்கிறது. பல்லில் தூசியும் கட்ஸின் மெழுகும் ஏறினால் வழுக்கும், கடைசி வரிகளில் சட்டத்துக்குக் கிட்ட நெருங்கவும் முடியாது. பழைய பல்துலக்கும் பிரசும் ஸ்பிரிற்றும் மேசையிலேயே கிடக்கு. காசு கொஞ்சம் கூட இருந்தால், கிளாம்ப் பொருத்தியே வருகிற மெசினை வாங்குங்கள். சட்டத்தை ஆறு இடத்தில் தாங்குகிறதா என்றும் பாருங்கள். ரெண்டு இடத்தில் மட்டும் தாங்குகிறதில் விலை கூடின ரக்கெற்றை வைக்க எனக்கு மனம் வராது.

ரெனிஸ் இந்தப் பக்கம் விளையாடுகிறவர்கள் குறைவு, ரக்கெற்றுகள்தான் கனடாவில் இருந்து வந்துகொண்டிருக்கின்றன. அதுக்குக் கூடுதல் குண்டும் வேறை கிளாம்பும் வேண்டும், ரெண்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. 12 மீற்றர் கட்ஸ், 50 இறாத்தல், பெரும்பாலும் 16 நெடுக்கு 19 குறுக்கு. பட்மின்டன் பழகின கைக்கு இது விளையாட்டு. அந்த ரக்கெற்றுகளில் இருக்கிற பொலியெஸ்டர் கட்ஸ் அறாமல் நிற்கும், ஆனால் உயிர் போயிருக்கும், முழங்கை நோகும். வெட்டி எறிந்துவிட்டு நைலோன் போடுங்கள். வெட்டும்போது நடுவில் தொடங்கி மூலைவாட்டில் வெளிப்பக்கமாக வெட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுவை விட்டால் சட்டம் கோணும்.

ஓட்டைகளில் இருக்கிற பிளாஸ்டிக் குழாய்கள் வெடித்திருந்தால் மாத்தாமல் கட்ஸ் போடவே வேண்டாம், கார்பன் விளிம்பு கத்தி மாதிரி வெட்டிவிடும். இங்கே அது தனியாக வாங்கக் கிடைக்காது. அதனால் உடைந்த ரக்கெற் ஒன்றையும் எறியவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.