கார் ரேடியோ இரைச்சல்: மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவை

திண்டுக்கல்லில் இருந்து மணப்பாறைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை காரில் போய் வருகிறேன். பக்கத்து சீட்டில் பெரும்பாலும் அப்பா இருப்பார். அவருக்குத் திருச்சி வானொலி வேண்டும், மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். வானொலி வழியாகப் பரவிய ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சைப் பக்கம் ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்ட காலத்து விவசாயி அவர். எனக்குக் கொடை எஃப்.எம்., 100.5. எங்கள் பழைய பெட்ரோல் காரில் இந்த இரண்டுமே கேட்க முடியாதபடி இரைச்சல் வந்துவிட்டது.

திடீரென்று வந்த மாதிரிதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று பொருள்களைப் புதிதாக மாட்டியிருந்தேன்: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு.

ஒரு கடையில் காட்டினேன். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சத்தம் என்று சொல்லி, ஸ்டீரியோவுக்குப் போகும் பவர் ஒயரில் ஒரு ஃபில்டர் போட்டார்கள். 850 ரூபாய். துளி மாற்றமும் இல்லை. ஆல்டர்னேட்டர் சத்தம் என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ஊய்ய்’ என்று சுருதி ஏறும். என் வண்டியில் இன்ஜினை அணைத்தாலும் அதே இரைச்சல், அதே சுருதி. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தால் நின்றுவிடும். ஸ்டீரியோவின் பின்பக்கம் ஆண்டெனா பின்னைப் பிடுங்கினாலும் நின்றுவிடும். அப்படியென்றால் அது வருவது ஆண்டெனா வழியாக. பவர் ஒயரில் எத்தனை ஃபில்டர் போட்டாலும் அதைத் தடுக்காது. இந்த இரண்டு சோதனையையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

ஒருநாள் அய்யலூர் தாண்டி, ஈ.பி. லைன் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். ஹை டென்ஷன் லைனுக்குக் கீழே நின்று சோதித்தால் எது கம்பியின் சத்தம், எது வண்டியின் சத்தம் என்றே தெரியாது. இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஏ.சி.சி.யில், அதாவது இன்ஜின் ஓடாமல் ரேடியோ பாடும் நிலையில். 936-இல் ‘உர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல், அதற்கு அடியில் யாரோ பேசுவது லேசாகக் கேட்கிறது. லைட்டர் சாக்கெட்டில் இருந்த டேஷ்கேம் அடாப்டரைப் பிடுங்கினேன். கதவைச் சாத்திய மாதிரி இரைச்சல் நின்றது.

“இப்பத்தான்டா மனுசன் பேசுற மாதிரி கேக்குது” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பேட்டரி டிரான்சிஸ்டரை எடுத்து, நிலையமே இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி, டேஷ்போர்டு முழுக்க நகர்த்திப் பார்த்தேன். அடாப்டர் பக்கத்தில் சத்தம் பலமாக இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அங்கிருந்து கேமரா வரைக்கும் போகும் ஒயர் முழுக்க அதே அளவு சத்தம் இருந்தது. அடாப்டருக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சர்க்யூட் நொடிக்குப் பல லட்சம் தடவை ஆன்-ஆஃப் ஆகிறது. அதன் கிளை அலைகள் எஃப்.எம். வரைக்கும் எட்டும். ஒயர் அவற்றுக்கு ஏரியல் ஆகிவிடுகிறது. நான் அழகுக்காகக் கூரைத் துணிக்குள் செருகிய அந்த ஒயர், முன்கூரையில் இருக்கும் ஆண்டெனாவின் அடிப்பாகத்துக்கு ஓர் அங்குலம் கீழே போயிருந்தது!

உலோகக் கூடு உள்ள அடாப்டர் ஒன்று வாங்கினேன். ஒயரை ஆண்டெனா பக்கமே போகாமல் கதவோரமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். அடாப்டரை ஒட்டி ஃபெரைட் கிளிப் ஒன்று மாட்டினேன்; ஒயரில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம் அது. சும்மா ஒயர்மேல் கவ்வவிட்டபோது எஃப்.எம். தெளிந்தது, மத்திய அலையில் இரைச்சல் குறையவே இல்லை. அவ்வளவு தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு சுற்று பத்தாது. பெரிய கிளிப்பாக வாங்கி நான்கு சுற்று சுற்றியபோதுதான் அடங்கியது. சுற்று இரண்டு மடங்கானால் தடுக்கும் திறன் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். இந்த மூன்று வருடத்தில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அந்தக் கிளிப்தான். 120 ரூபாய்.

அடுத்த குற்றவாளியான எல்.இ.டி. பல்பு ராத்திரியில்தான் சிக்கியது. ஹெட்லைட் போட்டதும் கொடை எஃப்.எம். காணாமல் போகும். அதிலும் பல்புக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் ‘டிரைவர்’ பெட்டி ஒன்று உண்டு, உள்ளே அதே மாதிரி சர்க்யூட். கிளிப் போட்டும் பாதிதான் குறைந்தது. பழைய 60/55 வாட் ஹாலஜனுக்கே திரும்பிவிட்டேன். எதிரில் வருகிறவர்களுக்கும் கண் கூசுவதில்லை.

இரைச்சல் போன பிறகும் நிலையங்கள் பலவீனமாகவே கேட்டன. ஆண்டெனாவின் அடியில் குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். புது ஸ்டீரியோ மாட்டியவர் அந்த நீல ஒயரைச் சேர்க்காமல் டேப் சுற்றி விட்டிருந்தார். சேர்த்ததும் சரியானது.

இரண்டாம் வருட மழைக்குப் பிறகு இரைச்சல் மறுபடியும் தலைகாட்டியது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆண்டெனா பின்னின் வெளிக்கூட்டிலும், இன்னொன்றைப் பாடியிலும் வைத்தேன். 38 ஓம்! ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டியது. கூரைத் துணியை இறக்கிப் பார்த்தால் நட்டைச் சுற்றித் துரு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் 0.3 ஓம். எர்த் சரியில்லையென்றால் கேபிளின் மேலுறையே வண்டிக்குள் இருக்கும் குப்பைச் சத்தத்தை எல்லாம் இழுக்கும். எனக்குத் தெரிந்து, கடைகளில் இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

போன சர்வீஸுக்குப் பிறகு ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக் போட்ட ஸ்பார்க் பிளக்கில், தீப்பொறியின் ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இல்லை. ரெசிஸ்டர் உள்ளதை மாட்டியதும் நின்றது.

யாராவது ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடப் போகிறீர்கள் என்றால், ஏர்பேக், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொட வேண்டாம். வெளியிலிருந்து மாட்டியவற்றை மட்டும் கழற்றினாலே பெரும்பாலும் ஆள் சிக்கிவிடும்.

இப்போது மிச்சம் இருப்பது ஆண்ட்ராய்டு திரையின் மெல்லிய சீறல், அதுவும் மத்திய அலையில் மட்டும். திருச்சி வைக்கும்போது திரையை அணைத்துவிடுகிறேன். பழைய ஒரிஜினல் ஸ்டீரியோ பரணில் பத்திரமாக இருக்கிறது. தீபாவளி லீவில் அதை இறக்கி மாட்டிப் பார்க்கப் போகிறேன்.