சூத்திரமா, அனுபவக் கண்ணா?

உளவியல் சிகிச்சையில் எதை நம்புவது: ஆய்வு தரும் எண்ணையா, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணையா? 1954இல் அமெரிக்க உளவியலாளர் பால் மீல் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார். மனநோய் குணமாகுமா, படிப்பில் தேறுவாரா, குற்றவாளி மீண்டும் குற்றம் செய்வாரா என்பன போன்ற கணிப்புகளில், பழைய தரவுகளைக் கொண்டு கணக்கிடும் புள்ளிவிவரச் சூத்திரம் பெரும்பாலும் அனுபவசாலிகளுக்குச் சமமாக நின்றது, அல்லது முந்தியது. 2000இல் 136 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் அதே கதைதான்: சூத்திரம் சராசரியாகச் சுமார் 10 சதவீதம் கூடுதல் துல்லியம். மீலும் சிகிச்சை அளித்தவர் என்பதால், ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

கணிப்பு என்று வந்தால் என் ஓட்டும் எண்ணுக்கே. அனுபவம் தன் பிழையைப் பார்ப்பதில்லை. பாதியில் நின்றுபோனவர் திரும்பி வந்து காரணம் சொல்வதில்லை. குணமாகி நன்றி சொன்னவரின் முகம்தான் நினைவில் தங்குகிறது.

ஆனால் எண்ணை வாசிக்கவும் ஆள் வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒருவர் 27க்கு 6 பெறுகிறார். லேசான சோர்வு என்கிறது அட்டவணை. அந்த ஆறில் இரண்டு விழுந்திருப்பதோ ஒன்பதாம் கேள்வியில்: செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்று கேட்பது அது. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடுவார். தேர்ந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நேராகக் கேட்பார். பதிலுக்கு முன் வரும் மௌனத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

விதிவிலக்கு உண்டு என்பது மீலுக்கும் தெரியும். வாரந்தோறும் சினிமாவுக்குப் போகிறவர் இந்த வாரமும் போவார் என்கிறது சூத்திரம். அவர் கால் முறிந்து கிடப்பதை அறிந்தவர் அதை ஒதுக்கலாம். சுளுக்கையெல்லாம் எலும்பு முறிவு என்று சாதிப்பதில்தான் வம்பு. 'இவர் தனி ரகம், இவருக்கு அந்த முறை ஒத்துவராது' என்ற பேச்சு பெரும்பாலும் சுளுக்குதான்.

கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, அஞ்சும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்கும் முறைக்கு வலுவான சான்று உண்டு. நோயாளி தவிப்பாரே என்று அதைக் கைவிடுவது இரக்கம் ஆகாது. எதில் தொடங்குவது, கதவுப் பிடியிலா செருப்பிலா என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. அவரைத்தான் கேட்க வேண்டும். பிறகு வாராவாரம் மதிப்பெண் எடுத்துப் பார்க்க வேண்டும். நான்கைந்து வாரம் அது அசையாமல் நின்றால், சிகிச்சையாளர் சந்தேகிக்க வேண்டியது முதலில் தன் கணக்கைத்தான்.