தம்பிக்கு எது: கேம் பாயா, என்இஎஸ் கிளாசிக்கா?

பழைய வீடியோ கேம் என்றால் என் தம்பி சோற்றையும் மறந்துவிடுவான். தீபாவளிக்கு ஹட்டன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்று இரண்டு நாளாக யோசனை.

1989இல் வந்த, கையில் வைத்து ஆடும் நின்டெண்டோ கேம் பாய்க்கு நாலு பென்டோர்ச் பெட்டரி போதும். மழையில் கரண்ட் போனாலும் ஆடலாம். ஆனால் திரைக்கு உள்வெளிச்சம் கிடையாது, பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்க வேண்டும்! பழையதை வாங்கும்போது பெட்டரி மூடியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் லேசாகப் பச்சை பூத்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங்கே அரித்துப்போயிருந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அது இன்னும் மோசமாகும்.

2016இல் வந்த, டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோ பெட்டியான என்இஎஸ் கிளாசிக்கில் 30 கேம் உள்ளேயே இருக்கிறது, கேசட் தேடி அலைய வேண்டாம். எச்டிஎம்ஐ வயர் சொருகும் இடம் உள்ள டிவி வேண்டும். கன்ட்ரோலர் வயர் முக்கால் மீற்றர்தான் என்று பலரும் குறைபட்டார்கள். எங்கள் தோட்டத்து லயத்து அறையில் டிவிக்கும் உட்காரும் பாய்க்கும் நடுவே அவ்வளவுதானே தூரம், சரிதான்.

இருந்தாலும் நான் கேம் பாயைத்தான் வாங்கப்போகிறேன். ஏழு மணிக்குமேல் டிவி அம்மாவுடையது.